செட்டிநாட்டு வீட்டுக்கு மரத்தளம்: பழைய தேக்கா, தோட்டத் தேக்கா, டபிள்யூ.பி.சி.யா?

பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் நடுவிலோ, மேல்மாடி வெட்டவெளியிலோ, மாலையில் உட்கார்ந்து பேச ஒரு மரத்தளம் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கிய பிறகுதான் இந்த விருப்பம் பரவியது. வாடிக்கையாளர்கள் இதை ‘டெக்’ என்கிறார்கள். எங்கள் ஆசாரிகள் ‘பலகைத் தளம்’ என்கிறார்கள். பெயர் எதுவானாலும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எதில் போடுவது, மரத்திலா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி.யிலா? 18 ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் மரவேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன் என்ற முறையில், இதற்கு நான் சொல்லும் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். சென்னையில் இருக்கும் மகன் படம் அனுப்பி, பின்பக்கத் தோட்டத்தில் 200 சதுர அடிக்குத் தேக்குத் தளம் போடச் சொல்லியிருந்தார். நான் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது ஆச்சி கேட்டார்கள்: “தம்பி, வளவைக் (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) கூட்டவே ஆளில்ல. இதை யாரு கூட்டுறது?” மரத்தளம் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் மர வகைகளை ஒப்பிடும் முன், எதைக் கொண்டு அளப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எதைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஆள். செட்டிநாட்டில் பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடும்போது திறக்கிறார்கள். பூட்டிய வீட்டின் தளத்தில் வேப்பிலையும் புளிய இலையும் பலகை இடுக்குகளில் சேர்ந்து, முதல் மழையில் ஊறி, ஈரத்தை மரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். கரையான் மண்புற்று எழுப்பி மேலே ஏறினாலும் பார்க்க ஆளிருக்காது. எந்த மரமும் நல்ல மரம்தான், கூட்டுவதற்கு ஒருவர் இருந்தால்.

இரண்டாவது, கரையான். நம் செம்மண்ணில் இது எப்போதும் உண்டு. மூன்றாவது, வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும் விதம்: சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியை ஒட்டிய வெயிலில் பல மாதம் காய்ந்த பலகை, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில வாரங்களுக்குள் ஊறி உப்புகிறது. மரத்தைக் கெடுப்பது வெயில் மட்டுமோ மழை மட்டுமோ அல்ல, இந்த இழுபறிதான். நான்காவது, முதலில் கொடுக்கும் தொகையோடு 10 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்த முழுச் செலவு. ஐந்தாவது, ஒரு பலகை போனால் அந்த ஒரு பலகையை மட்டும் நம் ஊர் ஆசாரியே மாற்ற முடியுமா என்பது.

முதலில் ஒரு கணக்கு

விலைப்புள்ளி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 20 அடிக்கு 10 அடி என்றால் 200 சதுர அடி. ஒரு அங்குல கனப் பலகை மட்டும் 200-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.7 கன அடி. பலகை நீளவாட்டில் ஓடினால், அடியில் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக 10 அடிச் சட்டம் 16 வேண்டும். அவை 2-க்கு 3 அங்குலம் என்றால் இன்னும் 6.7 கன அடி. ஆக 23 கன அடிக்குச் சற்று மேல். இது வேலை முடிந்தபின் தளத்தில் நிற்கும் மரம். கடையில் வாங்கும் மரம் இதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதில்தான் ஒவ்வொரு வகையின் மறைந்த செலவும் இருக்கிறது. ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒரே எண் சொல்பவரிடம், சட்டமும் கழிவும் திருகும் அதில் சேர்ந்தனவா என்று கேளுங்கள்.

பிரித்த வீட்டின் பர்மாத் தேக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்குதான் இங்குள்ள தூண்களும் உத்திரங்களும் மச்சுச் சட்டங்களும். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் அந்தக் காலம் முடிந்தது. மியான்மர் அரசும் 2014 ஏப்ரல் முதல் முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டது. ஆகவே இன்று நமக்குக் கிடைக்கும் நல்ல பர்மாத் தேக்கு பெரும்பாலும் வீடு பிரித்த மரமே. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும் சுற்றியுள்ள கிடங்குகளிலும் பார்க்கலாம்.

அதன் சிறப்பைக் கையால் உணரலாம். மேலே கறுத்துப்போன ஒரு மச்சுச் சட்டத்தில் இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் உள்ளே தேன் நிறம் தெரியும். சுருண்டு வரும் சீவலை விரலால் கசக்கினால் மெழுகு தடவியதுபோல் வழுக்கும். அந்த எண்ணெய்ப்பசைதான் நீரையும் கரையானையும் தள்ளி வைக்கிறது. பல பத்தாண்டுகள் கூரையடியில் காய்ந்த மரம் என்பதால், புது மரத்தைப்போல் முறுக்கிக்கொள்வதும் குறைவு.

மறைந்த செலவு ஆணியில் தொடங்குகிறது. தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஒரு பழைய ஆணி, ரம்பத்தின் பற்களை ஒரே நொடியில் மழுக்கிவிடும். பல மில்களில் பழைய மரத்தை அறுக்க மறுப்பதும், அறுத்தால் கூடுதல் கூலி கேட்பதும் இதனால்தான். எங்கள் ஆசாரி பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, பலகையின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போவார். நூல் ஒரு பக்கம் இழுத்தால் அங்கே சுண்ணாம்பால் வட்டம். அப்படி ஒரு சட்டத்தைத் துப்புரவாக்க அரை மணி நேரம் பிடிக்கும். ஆணித் துளை, பொருத்து வெட்டு, பிளவு எல்லாவற்றையும் கழித்தால், என் அனுபவத்தில் வாங்கிய மரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மேலே சொன்ன 16.7 கன அடிப் பலகைக்கு 25 கன அடி வாங்க வேண்டும் என்று பொருள்.

என் கையால் நேர்ந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நான் தனியாக எடுத்த முதல் வேலைகளில் ஒன்றில், பள்ளத்தூரில், பலகை ஓரங்களில் இருந்த வெளிறிய பகுதியைச் சீவாமல் விட்டுவிட்டேன். மரம் பழையது, கரையான் அண்டாது என்று நம்பினேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது, வைரம், அதாவது மரத்தின் நடுவிலுள்ள முதிர்ந்த பகுதி, அப்படியே இருந்தது. வெள்ளைப் பகுதி மட்டும் ஓரமெங்கும் தின்னப்பட்டுச் சல்லடையாக இருந்தது. 30-க்கும் மேற்பட்ட பலகைகளை என் செலவில் மாற்றினேன். தேக்கு கரையானைத் தாங்கும் என்பது வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டுமே பொருந்தும். எவ்வளவு பழைய தேக்கானாலும் வெள்ளை வெள்ளைதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். தூண்களையோ, செதுக்கிய நிலைக்கதவின் பாகங்களையோ தளப் பலகையாக அறுக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு முழுத் தேக்குத் தூண் இன்னொரு வீட்டில் தூணாக நிற்கலாம். அறுத்துவிட்டால் அது திரும்ப வராது. சட்டம், கைமரம், மாடித் தளப் பலகை ஆகியவையே தளத்துக்குப் போதும். இந்த மரத்துக்கான தேவை கூடக்கூட வீடு பிரிப்பதும் கூடுகிறது என்பது என் மனத்தை உறுத்தும் விஷயம். ஆகவே உங்கள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ சிதைந்த பகுதியிலிருந்து ஏற்கெனவே இறக்கி வைத்த மரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள் என்பதே என் முதல் பரிந்துரை.

வீட்டில் ஆள் இருக்கிறது, மரம் கைவசம் இருக்கிறது, நல்ல ஆசாரியும் அமைந்திருக்கிறார் என்றால் இதற்கு இணையான தெரிவு வேறில்லை.

தோட்டத் தேக்கு

நிலம்பூரில் 1840-களில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிய நாளிலிருந்து நம் பக்கத்துக்குத் தோட்டத் தேக்கு புதிதல்ல. ஆனால் இன்று மரக்கடைகளில் ‘தேக்கு’ என்று மட்டும் சொல்லி விற்பதில் பெரும்பகுதி, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் இளமரம். 20, 25 ஆண்டில் வெட்டிய மரத்தில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். பலகையின் முனையைப் பாருங்கள்: வளையங்கள் விரல் அகலத்துக்கு விரிந்திருந்தால் அது வேகமாக வளர்ந்த மரம்.

ஈரம் இரண்டாவது சிக்கல். அறுத்த சில வாரங்களிலேயே தளத்துக்கு வரும் பலகை காயும்போது அகலவாட்டில் சுருங்கும். பச்சையாகப் போட்ட 4 அங்குலப் பலகை 3 மில்லிமீட்டர் வரை சுருங்கி, நாம் விட்ட 5 மில்லிமீட்டர் இடுக்கை 8 ஆக்கிவிடும். 6 அங்குலப் பலகையானால் குழிந்து தண்ணீர் தேங்கும். எனவே 4 அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். ஈரமானியால் சோதித்து, 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மட்டும் எடுங்கள். கடைக்காரர் சோதிக்க அனுமதிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போவது நல்லது.

மறைந்த செலவு, வெள்ளையைத் தள்ளும் கழிவு. ‘வெள்ளை இல்லாத பலகை’ என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கினால் அந்தக் கழிவு உங்கள் தலையில் விழாது. விலை கூடும், ஆனால் தெரிந்து கொடுக்கும் விலை. புதுக் கட்டடம், 300, 400 சதுர அடிக்கு ஒரே அளவுப் பலகை, முடிக்க நாள் குறைவு என்ற நிலைகளில் பழைய மரத்தைவிட இதுவே ஏற்றது.

தெர்மோ பைன்

பின்லாந்தில் 1990-களில் தொழிலாக வளர்ந்த முறை: பைன் மரத்தை ஏறத்தாழ 200 டிகிரி நீராவி வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள், ரசாயனம் இல்லை, நீர் உறிஞ்சுவது குறைகிறது, நிறம் காப்பிப்பொடிபோல் ஆகிறது. பார்க்க அழகு, எடை குறைவு. ஆனால் வெப்பப் பதம் அழுகலைத் தடுக்கும் அளவுக்குக் கரையானைத் தடுப்பதில்லை. மரம் முறுகலாகவும் ஆகிவிடுவதால் திருகு ஏறும் இடத்தில் பிளக்கிறது. நம் மண்ணில் தரைத்தளத்துக்கு நான் இதைப் போடுவதில்லை. மேல்மாடி பால்கனிக்கோ, தாழ்வாரத்தின் உள்பக்கத்துக்கோ தாராளமாகப் போடலாம்.

டபிள்யூ.பி.சி.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் வார்த்த பலகை. கரையான் பெரும்பாலும் தொடுவதில்லை, எண்ணெய் வேண்டாம், சிலாம்பு ஏறாது. இந்த மூன்றையும் கேட்டவுடன் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

வெயில் பற்றி விற்பவர் சொல்வதில்லை. ஒரு விடுதியில் நீச்சல் குளத்தைச் சுற்றி அடர்நிறப் பலகை போட்டோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், எச்சரிக்காமல் விட்டது நான். சித்திரை மாதம் நண்பகலில் குளத்திலிருந்து ஏறிய ஒரு குழந்தை இரண்டடி வைத்து அழுதுகொண்டு திரும்பத் தண்ணீருக்குள் குதித்ததைப் பார்த்தேன். பிறகு அந்த ஓரம் முழுவதும் பந்தல் போட வேண்டியதாயிற்று. தேக்கும் சுடும்தான், ஆனால் அதே வெயிலில் வெறுங்காலை வைத்தெடுக்கும் அளவுக்குத் தாங்கும். டபிள்யூ.பி.சி. போடுவதானால் வெளிர் நிறமும் நிழலும் கட்டாயம்.

மரம் அகலவாட்டில் அசையும்; இது நீளவாட்டில் அசையும். 10 அடிப் பலகை விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் நீளும். முனைகளை முட்டவைத்துப் பொருத்தினால் நடுவில் மேடாக எழும்பிவிடும். சட்டமும் நெருக்கமாக வேண்டும்: 12 அங்குலத்துக்கு ஒன்று என்றால், அதே 20-க்கு 10 அடித் தளத்துக்கு 16-க்குப் பதில் 21 சட்டம். பலகை விலையில் மிச்சமானது இங்கே போய்விடுகிறது. உள்ளே பொந்துள்ள பலகையைவிடக் கெட்டியான பலகை நல்லது. பொந்துக்குள் நீர் நின்றால் வெளியே தெரியாது.

பழுது பார்ப்பதுதான் இதன் பெரிய குறை. தேக்கை இழைத்தால் புதுமுகம் வரும். இதை இழைக்க முடியாது. ஐந்து ஆண்டு கழித்து அதே நிறம், அதே வார்ப்பு கடையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதல் நாளே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி நிழலில் அடுக்கி வையுங்கள். குளத்தோரம், குளியல் முற்றம், நாள்தோறும் ஆட்கள் வந்து போகும் விடுதி ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம்.

பனை

பனைக்குப் பெயர்போன நாடாயிற்றே, பனங்கட்டையில் போடலாமா என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை கூரைக்கு உறுதியானது. நடக்கும் தளத்துக்கு வேண்டாம். வெயிலில் நார் பிரிந்து, காலில் ஏறும் சிலாம்பு கத்திபோல் இருக்கும்.

ஒரே பார்வையில்

| | பிரித்த பர்மாத் தேக்கு | தோட்டத் தேக்கு | தெர்மோ பைன் | டபிள்யூ.பி.சி. |
|---|---|---|---|---|
| மறைந்த செலவு | ஆணி எடுக்கும் கூலி, மூன்றில் ஒரு பங்கு கழிவு | வெள்ளைக் கழிவு, காயவைக்கும் நாள் | திருகுமிடப் பிளவு, கரையான் காவல் | கூடுதல் சட்டம், நிழல், உபரிப் பலகை |
| கரையான் | வைரம் தாங்கும் | வைரம் தாங்கும், வெள்ளை தாங்காது | தாங்காது | பெரும்பாலும் தொடாது |
| வெயிலில் வெறுங்கால் | பரவாயில்லை | பரவாயில்லை | பரவாயில்லை | சுடும் |
| ஆண்டு வேலை | எண்ணெய், கூட்டுதல் | எண்ணெய், கூட்டுதல் | எண்ணெய், கூட்டுதல் | கூட்டிக் கழுவுதல் |
| பழுது | ஊர் ஆசாரி போதும் | ஊர் ஆசாரி போதும் | பலகை கிடைத்தால் | அதே வார்ப்பு கிடைத்தால் |

மரத்தைவிட முக்கியமான அடிப்பகுதி

எந்தப் பலகையானாலும் கீழே கருங்கல் கால் வையுங்கள். தரையிலிருந்து குறைந்தது 9 அங்குலம், முடிந்தால் ஒரு அடி உயரம் இருக்கட்டும். கரையான் கல்லைத் தின்னாது. ஏறவேண்டுமானால் கல்லின் மேல் மண் கோடு இழுத்துத்தான் ஏற வேண்டும், அதைக் குனிந்து பார்த்தால் தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். தளத்தின் பக்கவாட்டைப் பலகையடித்து மூடச் சொல்பவர்கள் உண்டு. மூடாதீர்கள்; காற்று நின்றுவிடும், பாம்புக்கும் இருட்டான இடம் கிடைத்துவிடும். நான்கு திருகில் கழற்றும்படி ஒரு பகுதியைத் தனியாக விட்டால் உள்ளே கூட்டலாம். கிணற்றடிக்குப் பக்கத்தில் தளம் என்றால் மண்ணில் கரையான் மருந்து ஊற்ற நான் சம்மதிப்பதில்லை. அது கிணற்று நீரில் போய்ச் சேரும்.

இரும்புத் திருகு தேக்கைக் கறுக்க வைக்கும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, தொண்டிப் பக்கம் கடற்காற்று படும் இடமானால் 316. சட்டத்துக்கு ஜி.ஐ. குழாய் போட்டால் பணம் மிச்சமாகும்; பலகைக்கும் குழாய்க்கும் நடுவே தார்ப்பட்டை கொடுங்கள்.

பழைய வீட்டு மேல்மாடியில் போடுவதானால் சுண்ணாம்பு வேய்ந்த தளத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. தாங்கிகளின் மேல் அப்படியே அமர்த்தி, தண்ணீர் வடியும் வழியை மறைக்காமல் விட வேண்டும். வளவு முற்றத்தை மரத்தளத்தால் மூடித் தரச் சொல்லி இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், மூவரிடமும் மறுத்துவிட்டேன். நான்கு பக்கக் கூரை மழையும் வந்து விழுந்து வெளியேறும் இடம் அது. அதன் மேல் பலகை போட்டால் அடைப்பு எங்கே என்று தெரியும்போது தூணின் அடி ஊறியிருக்கும்.

எண்ணெய் எப்போது, எது

வார்னிஷும் பாலிஷும் வீட்டுக்குள் நிற்கும். வெட்டவெளியில் ஒரே கோடையில் தோலாக உரிந்து, மறுபடி பூச முழுவதையும் சுரண்ட வேண்டிவரும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெயே சரி. மழை ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்த மாசி மாதத்தில் ஒருமுறை, முடிந்தால் அடுத்த மழைக்கு முன் ஆவணியில் ஒருமுறை. மாலை வேளையில் மெல்லியதாகத் தடவி, அரை மணி கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள்.

எண்ணெய் விட்டுப்போனால் தேக்கு சாம்பல் நிறமாகும். அது அழுகல் அல்ல, மேற்பரப்பு மட்டுமே. அந்த நிறம் பிடித்திருந்தால் எண்ணெய்ச் செலவையே விட்டுவிடலாம். கூட்டுவதை மட்டும் விட முடியாது. அழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் மென்மையான வரிகள் அரிபட்டு மேடு பள்ளமாகிவிடும். சோப்பு நீரும் தேங்காய் நார்த் தூரிகையும் போதும், மரவரி ஓடும் திசையில் தேய்க்க வேண்டும்.

ஆளே இல்லாத வீட்டுக்கு

ஆண்டில் பத்து மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன நான்கில் எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. டபிள்யூ.பி.சி. கெடாது என்று நினைக்கலாம். ஆனால் அதன் அடியில் சேரும் சருகும் எலியும் பாம்பும் எல்லா வகைக்கும் பொதுவானவை.

ஆச்சியின் மகனிடம் அன்று இரவே தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் முதலில் வருத்தப்பட்டார், பிறகு ஆச்சியிடமே கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் கொத்திய கருங்கல் பாவி, முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் கல் திண்ணை கட்டினோம். அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்த பழைய தேக்குப் பலகை ஒன்றை இழைத்து, 8 அடிக்கு 2 அடி ஊஞ்சலாகப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் மாட்டிக் கொடுத்தேன். மழை படாத இடம். ஆச்சி காலையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுகிறார்கள்.